நாவல்ல இருந்த சந்தேகம் படத்துல எங்க போச்சு?

இப்பல்லாம் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை முழுசாப் பார்க்கிறவங்களைவிட, ஃபோன்ல அரை நிமிஷம் பார்க்கிறவங்கதான் அதிகம். ஒரு பொண்ணோட தலை பின்பக்கமாத் திரும்புது. பச்சையா வாந்தி எடுக்குது. கட்டில் குலுங்குது. “இதுக்கா அந்தக் காலத்துல தியேட்டர்ல மயங்கி விழுந்தாங்க?”ன்னு கேட்டுச் சிரிச்சிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடறாங்க.

இது அந்தப் படத்துக்குச் செய்ற பெரிய அநியாயம்.

1973ல வந்த அந்தப் படம் 2 மணி 2 நிமிஷம் ஓடுது. பேயோட்டுற சடங்கு ஆரம்பிக்கிறதே கடைசி அரை மணி நேரத்துலதான். அதுவரைக்கும் என்ன நடக்குதுன்னு பார்த்தா, ஒரு அம்மா தன் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறா. ஒரு பாதிரியார் வயசான தன் அம்மாவைக் கடைசிக் காலத்துல சரியாப் பார்த்துக்க முடியலையேன்னு குமுறுறார். ஒரு போலீஸ்காரர் ஒரு சாவைப் பத்தி நிதானமா விசாரிக்கிறார். இந்த மூணும் மனசுல ஏறினதுக்கு அப்புறம்தான் தலை திரும்புது. அதை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தா சிரிப்புதான் வரும்.

அமானுஷ்ய நாவலைப் படமாக்க நினைக்கிற யாரா இருந்தாலும் இந்தப் படம் உருவான கதையை ஒரு தடவை படிச்சிடணும். நாவலை எழுதினவரே திரைக்கதையும் எழுதி, தயாரிப்பாளராவும் இருந்திருக்கார். அப்படியும் அவர் ஆசைப்பட்டதுல பாதி திரைக்கு வரலை. வராமப் போனதுல சிலது போனதே நல்லது. ஒண்ணே ஒண்ணு போயிருக்கவே கூடாது.

வில்லியம் பீட்டர் பிளாட்டி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துல படிச்சவர். வாஷிங்டன்ல இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்துற பல்கலைக்கழகம் அது. அவர் மாணவரா இருந்த 1949 ஆகஸ்ட்டுல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில ஒரு செய்தி வந்துச்சு. பக்கத்து மாநிலமான மேரிலாந்துல 14 வயசுப் பையன் ஒருத்தனுக்குப் பேய் பிடிச்சதாவும், ஒரு பாதிரியார் சடங்கு செஞ்சு அதை விரட்டினதாவும் செய்தி. அது பிளாட்டி மனசை விட்டுப் போகவே இல்லை. பிற்பாடு அந்தப் பாதிரியாருக்கே கடிதம் எழுதி, நடந்ததை நடந்தபடி ஒரு புத்தகமா எழுதலாமான்னு கேட்டார். அந்தக் குடும்பத்தோட அந்தரங்கம் வெளிய வரக்கூடாதுன்னு பாதிரியார் ஒத்துக்கலை. அதுக்கு அப்புறம்தான் அது நாவலாச்சு, பையன் பொண்ணா மாறினான்.

இதுக்கு நடுவுல பிளாட்டி என்ன எழுதிட்டு இருந்தார்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். நகைச்சுவைப் படங்கள்! இன்ஸ்பெக்டர் க்ளூஸோ வர்ற ‘எ ஷாட் இன் த டார்க்’ (1964) படத்துக்கு இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸோட சேர்ந்து எழுதினவர் இவர்தான். அதுக்கும் முன்னாடி க்ரௌச்சோ மார்க்ஸ் நடத்தின டிவி போட்டியில கலந்துக்கிட்டு 10,000 டாலர் ஜெயிச்சு, அந்தப் பணத்தை நம்பி வேலையை விட்டுட்டு எழுத்தாளர் ஆனார். (சிரிக்க வைக்கிறவங்களுக்குப் பயமுறுத்தவும் வரும். ரெண்டுக்கும் எந்த நொடியில என்ன சொல்லணுங்கிற கணக்குதான் முக்கியம்.)

‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவல் 1971ல வந்தப்போ முதல்ல சரியாப் போகலை. கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல டிக் கேவட் நடத்தின டிவி நிகழ்ச்சியில ஒரு விருந்தினரோட இடம் காலியாக, பிளாட்டிக்கு நெடுநேரம் பேசக் கிடைச்சுது. அதுக்கு அப்புறம் நியூயார்க் டைம்ஸ் பட்டியல்ல 17 வாரம் முதலிடம்.

வார்னர் பிரதர்ஸ் பட உரிமையை வாங்கினதும் யாரை இயக்குநரா போடுறதுங்கிறதுல இழுபறி. பிளாட்டி ஒரே பிடியா நின்னது வில்லியம் ஃப்ரீட்கின்தான் வேணும்னு. அதுக்கு அவர் வச்சிருந்த காரணம் ரொம்ப அழகானது. சில வருஷங்களுக்கு முன்னாடி பிளாட்டி எழுதின ஒரு திரைக்கதையை ஃப்ரீட்கின்கிட்ட கொடுத்திருந்தாங்க. அப்போ அவர் சின்னப் பையன், கையில வாய்ப்பு ஒண்ணும் பெருசா கிடையாது. இருந்தும் திரைக்கதை நல்லா இல்லைன்னு பிளாட்டி முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். வாய்ப்பு போனாலும் பொய் சொல்லாத ஒரு ஆள்தான் தன்னோட நாவலைத் தொடணும்னு பிளாட்டிக்குத் தோணியிருக்கு. ஃப்ரீட்கின் எடுத்த ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) பெரிய வெற்றி அடைஞ்சதும் ஸ்டூடியோவும் ஒத்துக்கிச்சு.

இங்கதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம். பிளாட்டி எழுதிக் கொண்டுவந்த முதல் திரைக்கதையை ஃப்ரீட்கின் தள்ளிட்டார். தன் நாவலைத் தானே மாத்தி, முன்னும் பின்னும் போற மாதிரி எழுதி, ரொம்ப நீளமாவும் ஆக்கியிருந்தார் நாவலாசிரியர். இயக்குநரோ நாவலைக் கையில எடுத்து, எதெது இருக்கணும்னு பக்கம் பக்கமாக் குறிச்சுக் கொடுத்தார். கதையை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நேராச் சொன்னாப் போதும்னார். எழுதினவர் மறந்த புத்தகத்தைப் படிச்சவர் ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுச்சு. சினிமாவுல எழுத்தாளர் ஒரு பக்கம், இயக்குநர் ஒரு பக்கம்னு எப்பவும் பிரிச்சுப் பேசுவோம். இங்க நாவலுக்கு விசுவாசமா இருந்தது இயக்குநர்.

ஆனா விசுவாசம்னா எல்லாத்தையும் வச்சுக்கிறது கிடையாது. நாவல்ல அந்தப் பொண்ணு வீட்டு வேலைக்காரர் கார்லுக்கு எல்விரான்னு ஒரு மகள் உண்டு. போதைக்கு அடிமையானவ. அவ செத்துட்டான்னு தன் மனைவிகிட்ட பொய் சொல்லிட்டு, கார்ல் ரகசியமாப் போய்ப் பார்த்துட்டு வர்றார். அந்தச் சாவு நடந்த ராத்திரி எங்க இருந்தீங்கன்னு போலீஸ் கேக்குறப்போ அவரால உண்மையைச் சொல்ல முடியலை. வாசகருக்கு அவர் மேல சந்தேகம் வருது. புத்தகத்துல இது மனசைப் பிசையுற கிளைக்கதை. படத்துல இது துளிகூட இல்லை. இருந்திருந்தா, அந்த மாடி அறைக் கதவுகிட்ட நாம நிக்க வேண்டிய நேரத்துல ஊர் சுத்திட்டு இருந்திருப்போம். வெட்டினது சரி.

சரி, வார்த்தையால வர்ற பயத்தைத் திரையில எதால கொண்டுவர்றது?

குளிரால கொண்டுவந்தாங்க. பொண்ணோட அறை திடீர்னு சில்லுனு ஆயிடுதுன்னு நாவல் சொல்லுது. எழுத்துல அது ஒரு வரி. அறைக்குள்ள நடிகர்கள் மூச்சு விட்டா புகை வரணும்னு ஃப்ரீட்கின் முடிவு பண்ணிட்டார். இன்னைக்கு அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுடுவாங்க. அன்னைக்கு நியூயார்க் ஸ்டூடியோவுல போட்ட படுக்கை அறை செட் முழுசையும் குளிர்பதனப் பெட்டி மாதிரி ஆக்கினாங்க. உறைநிலைக்கும் கீழ போகுற குளிர். மூச்சுப்புகை கேமராவுல தெரியணும்னா பின்னாடி இருந்து வெளிச்சம் அடிக்கணும், அந்த விளக்குச் சூட்டுல அறை வேகமா சூடாயிடும், மறுபடி குளிரூட்டிட்டு ஷாட் எடுக்கணும். படக்குழு கனமான குளிர் அங்கிக்குள்ள இருந்துச்சு. கட்டில்ல படுத்திருந்த லிண்டா ப்ளேருக்கு வெறும் நைட்டி. அந்தப் பொண்ணுக்கு அப்போ 13, 14 வயசுதான். அம்மாவா நடிச்ச எல்லன் பர்ஸ்டினை ஒரு காட்சியில கயிறு கட்டி இழுத்ததுல முதுகு அடிபட்டு, அந்த வலி பல காலம் விடலை. படம் எவ்வளவு பெருசா இருந்தாலும் இது தப்பு. ஒரு குழந்தையையும் ஒரு நடிகையையும் இப்படி வதைச்சுத்தான் பயம் வரணும்னு கிடையாது, இதைச் சொல்லாம அந்தப் படத்தைப் புகழ்றதும் சரியில்லை.

ஆனா அந்த மூச்சுப்புகை செஞ்ச வேலையை மறுக்க முடியாது. அறைக்குள்ள நுழையுற ரெண்டு பாதிரியார் வாயில இருந்தும் வெள்ளையாப் புகை வருது. பேயைக் காட்டவே இல்லை. நம்ம உடம்பு சிலிர்த்துக்குது.

குரலும் அப்படித்தான். அந்தப் பேய்க்குக் குரல் கொடுத்தவங்க மெர்சிடிஸ் மெக்கேம்ப்ரிட்ஜ். ரேடியோ நாடகங்கள்ல பேர் வாங்கினவங்க, ‘ஆல் த கிங்ஸ் மென்’ படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினவங்க. இந்தக் குரலுக்காக பச்சை முட்டையை முழுங்கினாங்க, சிகரெட்டா ஊதித் தள்ளினாங்க. குடிப்பழக்கத்துல இருந்து மீண்டவங்க, இதுக்காக விஸ்கியும் குடிச்சாங்க. நாற்காலியில கட்டிப் போடச் சொல்லி, திமிறிக்கிட்டே பேசினாங்க. இவ்வளவும் பண்ணினவங்க பேர் முதல்ல வெளியான பிரதியில இல்லை. சண்டை போட்டுத்தான் வாங்கினாங்க. தலை திரும்புற அந்தக் காட்சியில நரம்பு முறுக்கிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது மெக்ஸிகோ நாட்டு ஒலிக்கலைஞர் கொன்சாலோ கவீரா ஒரு பழைய தோல் பர்ஸை மைக் பக்கத்துல வச்சு முறுக்கினது.

இன்னொண்ணு. இந்தப் படத்துல ரொம்பப் பேர் கண்ணை மூடிக்கிற காட்சியில பேயே கிடையாது. பொண்ணோட கழுத்துல ஊசி குத்தி, மூளை ரத்தக்குழாயை எக்ஸ்ரே எடுக்கிற காட்சி அது. ரத்தம் பீச்சி அடிக்குது. மெஷின் தடதடன்னு அடிக்குது. நாவல்ல டாக்டர்கள் பேச்சு பக்கம் பக்கமாப் போகும், மருந்துப் பேர் எல்லாம் வரும். டாகுமெண்டரி எடுத்துப் பழகின ஃப்ரீட்கின் அதை ஒரே பரிசோதனைக்குள்ள அடக்கிட்டார். விஞ்ஞானத்தால முடிஞ்சது இவ்வளவுதான்னு வசனம் சொல்லத் தேவையே இல்லாமப் போச்சு.

நாவல்ல இல்லாததைச் சேர்த்தும் ஜெயிக்கலாம். ஜப்பான்ல கோஜி சுஸுகி 1991ல எழுதின ‘ரிங்’ நாவல்ல சடகோங்கிற பேய் டிவிக்குள்ள இருந்து ஊர்ந்து வெளிய வர்றதே கிடையாது. அது 1998ல ஹிடியோ நகாடா எடுத்த படத்துக்காகவே உருவானது. நாவல்ல ஆம்பளையா இருந்த பத்திரிகையாளரைப் படத்துல தனியா பிள்ளையை வளர்க்கிற அம்மாவா மாத்தினாங்க. கடைசியில அவங்க எடுக்கிற முடிவு ரெண்டு மடங்கு கனமாயிடுச்சு. அப்படியே நேர் எதிரா இன்னொரு உதாரணம் இருக்கு. ஸ்டீஃபன் கிங்குக்குத் தன்னோட ‘தி ஷைனிங்’ நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980ல எடுத்த விதம் சுத்தமாப் பிடிக்கலை. 1997ல தானே திரைக்கதை எழுதி, நாவல்ல இருக்கிறபடி டிவி தொடரா எடுக்க வச்சார். மிருக உருவத்துல வெட்டின புதர்ச்செடிகள் உயிரோட நகர்ற காட்சி நாவல்ல குலை நடுங்க வைக்கும். தொடர்ல அதைக் கம்ப்யூட்டர் வச்சுக் காட்டினாங்க, பயமே வரலை. குப்ரிக் அந்தச் செடிகளைத் தூக்கிட்டு, ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்த செடிச்சுவர்ப் புதிர்ப்பாதையை வச்சிருந்தார். பனியில அந்தப் பாதைக்குள்ள பையன் ஓடுற காட்சிதான் இன்னைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

இப்ப தலைப்புல கேட்ட கேள்விக்கு வரலாம்.

பிளாட்டியோட நாவலைப் படிக்கிறப்போ கடைசி வரைக்கும் ஒரு சந்தேகம் கூடவே வரும். இது உண்மையிலேயே பேயா, இல்லை அந்தப் பொண்ணோட மனசு போடுற வேஷமா? அம்மாவை நினைச்சுக் குமுறுற அந்த ஃபாதர் காரஸ் பாதிரியார் மட்டும் இல்லை, மனநல மருத்துவரும்கூட. பொண்ணு செய்ற ஒவ்வொண்ணுக்கும் அவர் இயல்பான ஒரு விளக்கம் கண்டுபிடிச்சுக்கிட்டே போறார். வீட்டுக்குள்ள ஒரு புத்தகம் வேற இருக்கு. பில்லி சூனியம், பேய் பிடிக்கிறதைப் பத்தின புத்தகம். விருந்துக்கு வந்த ஒருத்தங்க அம்மாவுக்குக் கொடுத்தது. அது காணாமப் போய், கடைசியில பொண்ணோட கட்டிலுக்கு அடியில கிடைக்குது. அப்படின்னா அவ அதைப் படிச்சிட்டு, அதுல இருக்கிறதையே தன்னை அறியாமச் செய்றாளா? நாவல் இந்தக் கதவைச் சாத்தவே இல்லை.

படத்துல அந்தப் புத்தகம் இல்லை. சாதாரணக் குழாய்த் தண்ணியைப் புனித நீர்னு சொல்லித் தெளிச்சதும் பேய் துடிக்கிற காட்சியை வச்சிருக்காங்க, அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்குது. ஆனா தலை ஒரு முழுச் சுத்து சுத்தினதுக்கும், பொண்ணு அந்தரத்துல மிதந்ததுக்கும் அப்புறம் யார் சந்தேகப்படுவாங்க? கண்ணால பார்த்ததை மனசு நம்பிடும். கேமராவோட பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். அந்தச் சந்தேகத்தை அனுபவிக்கணும்னா நாவலைத்தான் படிச்சாகணும், வேற வழி இல்லை.

முடிவுக் காட்சியில இது இன்னும் நல்லாத் தெரியும். (கதை தெரியாதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க.) நாவல்ல காரஸ் பேயைத் தனக்குள்ள வாங்கிக்கிட்டு ஜன்னல் வழியாக் குதிக்கிறதை நாம பார்க்கவே மாட்டோம். கீழ்த்தளத்துல இருக்கிற அம்மாவோட சேர்ந்து நாமளும் சத்தத்தைத்தான் கேட்கிறோம். அவர் கத்துறது, கண்ணாடி உடையுறது, அவ்வளவுதான். படம் நம்மளை அறைக்குள்ளயே நிக்க வைக்குது. காரஸ் முகம் ஒரு நொடி மாறுது, மறுபடி அவராவே ஆகுறார், குதிக்கிறார். ஜார்ஜ்டவுன்ல நிஜமாவே இருக்கிற அந்த 75 படிக்கட்டுல உருண்டு விழறார். (அந்த வீட்டு ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவுல நிறைய இடைவெளி இருந்துச்சு. படத்துக்காக வீட்டோட ஒரு பக்கத்தை நீட்டிப் பொய்யாக் கட்டினாங்க.) இவ்வளவு தெளிவாக் காட்டியும், பார்த்தவங்கள்ல நிறைய பேர் பேய்தான் அவரைக் கொன்னுடுச்சு, பேய்தான் ஜெயிச்சுதுன்னு நினைச்சாங்க. பிளாட்டி ரொம்ப நொந்து போனார். நம்பிக்கை இழந்த ஒரு மனுஷன் கடைசியில அன்பால அதைத் திரும்பப் பெறுறான்ங்கிறதுதான் அவர் எழுதின கதை.

அப்படி ஏன் தப்பாப் புரிஞ்சுது? அதுக்குக் காரணம், படத்துல வராமப் போன மாடிப்படிக் காட்சி.

சடங்குக்கு நடுவுல ரெண்டு பாதிரியாரும் களைச்சுப் போய் மாடிப்படியில ஓய்வெடுக்கிறப்போ காரஸ் கேட்கிறார், ஏன் இந்தப் பொண்ணு, இதுக்கு என்ன அர்த்தம்னு. பேயோட குறி அந்தப் பொண்ணு இல்லை, சுத்தி நிக்கிற நாமதான்னு வயசான ஃபாதர் மெரின் விளக்குறார். மனுஷங்க கேவலமான ஜந்துக்கள், கடவுள் நேசிக்கத் தகுதி இல்லாதவங்கன்னு நம்மளை நம்ப வைக்கிறதுதான் அதோட வேலைங்கிறார். மொத்த நாவலுக்கும் உயிர்நாடி அந்தப் பேச்சு. படம் எடுத்தப்போ அதையும் எடுத்தாங்க. ஆனா எடிட்டிங்ல ஃப்ரீட்கின் தூக்கிட்டார். படத்தோட கருத்தை ஒரு பாத்திரம் வாயால சொல்லக்கூடாது, காட்சியே சொல்லணும்ங்கிறது அவர் வாதம். பொதுவா அது நல்ல வாதம்தான். ஆனா இங்க அவர் பக்கம் நிக்க முடியலை. ஒரு குழந்தையை இவ்வளவு கொடூரமாக் காட்டிட்டு, அது எதுக்காகன்னு ஒரு வரி சொல்லாம விட்டா, கொடூரம் மட்டும்தான் கையில மிஞ்சும். இன்னைக்கு ஃபோன்ல மிஞ்சியிருக்கிறதும் அதுதான்.

இந்தச் சண்டை ரெண்டு பேருக்கும் நடுவுல பல வருஷம் ஓடுச்சு. கடைசியில 2000ல, பிளாட்டிக்காகவே ஃப்ரீட்கின் அந்தக் காட்சியைச் சேர்த்து ஒரு புதுப் பதிப்பு வெளியிட்டார். நண்பருக்காகத் தன் முடிவை மாத்திக்கிட்டது பெரிய மனசு. ஆனா அதோட நிறுத்தியிருக்கலாம். பொண்ணு தலைகீழா வளைஞ்சு படியில இறங்குறதும் உள்ள வந்துச்சு, சுவத்துல பேய் முகம் மின்னி மறையுறதும் வந்துச்சு. மாடிப்படிப் பேச்சால படத்துக்குக் கிடைச்ச அமைதியை இந்தச் சேர்க்கைகள் கெடுத்துடுது.

பிளாட்டிக்கு இன்னொரு அனுபவமும் காத்திருந்துச்சு. தன்னோட ‘லீஜன்’ (1983) நாவலை அவரே இயக்கி எடுத்தார், 1990ல ‘எக்ஸார்சிஸ்ட் 3’ன்னு வெளியாச்சு. அவர் எழுதின கதையில பேயோட்டுற சடங்கே இல்லை. ‘எக்ஸார்சிஸ்ட்’னு பேர் வச்சிட்டு சடங்கு இல்லாம எப்படின்னு தயாரிப்பு நிறுவனம் கேட்டுச்சு. புதுசா ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்து, முடிவை மறுபடி எடுக்க வச்சாங்க. அந்த ஒட்டுப்போட்ட முடிவையும் தாண்டி அந்தப் படத்துல ஒரு காட்சி இருக்கு. ஆஸ்பத்திரி நடைபாதை. கேமரா தூரத்துல அசையாம நிக்குது. ராத்திரி ஷிஃப்ட்ல இருக்கிற நர்ஸ் போறாங்க, வர்றாங்க, கதவைத் திறந்து பார்க்கிறாங்க. நிமிஷக்கணக்கா ஒண்ணும் நடக்கலை. அப்புறம் நடக்குற ஒரு விஷயம் ஒரு நொடிதான். சீட்டுல இருந்து தூக்கிப் போடும். எழுத்தாளருக்குச் சினிமா தெரியாதுன்னு சொல்றவங்ககிட்ட இந்தக் காட்சியைக் காட்டலாம்.

1973 படத்துக்கு 10 ஆஸ்கர் பரிந்துரை கிடைச்சுது. சிறந்த படத்துக்குப் பரிந்துரையான முதல் திகில் படம் அதுதான். ஜெயிச்சது ரெண்டு. ஒண்ணு ஒலிக்கு. இன்னொண்ணு தழுவல் திரைக்கதைக்காக பிளாட்டிக்கு. அவர் 2017 ஜனவரியிலயும், ஃப்ரீட்கின் 2023 ஆகஸ்ட்லயும் போயிட்டாங்க.

பார்க்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2 மணி 2 நிமிஷம் ஓடுற 1973 பதிப்பை முதல்ல பாருங்க, ஒரே மூச்சுல, நடுவுல நிறுத்தாம. அப்புறம் நாவலைப் படிங்க. 2000 பதிப்பை முழுசாப் பார்க்கணும்னு அவசியம் இல்லை, ஆனா அந்த மாடிப்படிக் காட்சியை மட்டும் தேடிப் பார்த்துடுங்க.